எவர்கோல்டு கோரை: கோவையில் இரண்டு கோடை வளர்த்துப் பார்த்ததும், வாங்கிய நர்சரியும்

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம், சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் நாலரை அடிச் சந்து ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இருக்கிறது. எல்லார் வீட்டிலும் அதில் மோட்டார் பெட்டியும், மிச்சமான டைல்ஸும், காலி பெயின்ட் டப்பாவும்தான் கிடக்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எனக்கு அந்தச் சந்துதான் தெரியும், ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே ஏதாவது பச்சையாக இருக்க வேண்டும் என்று ஆறு வருடமாக முயற்சி செய்திருக்கிறேன். கொரியன் புல் இரண்டு தடவை போட்டேன், இரண்டு தடவையும் நிழலில் மெலிந்து, மஞ்சளாகி, அடுத்த மழையில் பாசி பிடித்து முடிந்துபோனது. நிழலில் அந்தப் புல் நிற்காது என்று புல் விரித்துக் கொடுத்தவர் இரண்டு தடவையும் சொல்லவில்லை. அதற்குப் பணம் வாங்கியவர் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது அங்கே கேரெக்ஸ் என்கிற கோரை வகைச் செடி இருக்கிறது. ரகத்தின் பெயர் எவர்கோல்டு. இலை மெல்லிசாக வளைந்து தொங்கும், நடுவில் வெண்ணெய் நிறத்தில் ஒரு கோடு, இரண்டு ஓரமும் பச்சை. முக்கால் அடியில் இருந்து ஒரு அடி உயரம்தான் வரும். ஒரு கொத்து என்பது மண்ணில் இருந்து பொங்கி வழிகிற மாதிரி இருக்கும். இருட்டான இடத்தில் அந்தக் கோடு மட்டும் தனியாகத் தெரியும், மாலை ஆறு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் யாரோ அங்கங்கே சின்ன விளக்கு வைத்த மாதிரி தோன்றும். இரண்டு கோடை, இரண்டு வடகிழக்கு மழை பார்த்துவிட்டேன். இணையத்தில் இந்தச் செடியைப் பற்றி இருப்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது, நம் ஊர் வெயிலுக்கு அதில் பாதி பொருந்தாது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன செடி என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் போய் இதைப் புல் என்று கேட்டால் வேறு எதையாவது கொடுத்துவிடுவார்கள். இது கோரைக் குடும்பம். கேரெக்ஸ் என்ற இனத்தில் மட்டும் உலகம் முழுக்க 2000 வகைக்குப் பக்கம் இருக்கின்றன. எவர்கோல்டு வந்தது கேரெக்ஸ் ஓஷிமென்சிஸ் என்ற ஜப்பான் நாட்டுச் செடியில் இருந்து. அங்கே காட்டு மரத்தடியிலும் பாறைச் சரிவிலும் வளர்கிறது. புல்லின் தண்டு உருண்டையாக, உள்ளே குழலாக, கணு வைத்து இருக்கும். கோரையின் பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை கையில் தட்டும். இலையும் மூன்று திசையில் அடுக்காக வரும். இந்த மூன்று என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

கோரை என்ற சொல்லை நம் பக்கத்தில் சொன்னால் என்ன நடக்கும் என்று கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். செடிகளை வீட்டில் இறக்கிய அன்றைக்கு, ஈரோடு பக்கத்துச் சிவகிரியில் இருந்து வந்திருந்த அமுச்சி, அதாவது என் பாட்டி, ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏங்கண்ணு, மஞ்சக்காட்டுல கோரை புடுங்கியே எங்க கையெல்லாம் காச்சுப் போச்சு. நீ காசு குடுத்து வாங்கியாந்திருக்கறயே?" கேள்வி நியாயமானதுதான். காட்டுக் கோரைக்கு மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறது, ஒரு கிழங்கை விட்டுவிட்டுப் பிடுங்கினால் அடுத்த தண்ணீருக்குப் பத்தாக வரும். அமுச்சி காட்டில் களை எடுத்த கூலியில் பெரும்பங்கு அதற்குத்தான் போயிருக்கும். எவர்கோல்டுக்கு அந்தக் கிழங்கு கிடையாது. வைத்த இடத்தில் கொத்தாகப் பெருக்கும், அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் என்னிடம் ஒரு செடிகூட வைக்காத இடத்தில் முளைக்கவில்லை. ஐஸ் டான்ஸ் என்று இன்னொரு ரகம் விற்கிறார்கள், அது கேரெக்ஸ் மொரோயி, இலையின் ஓரம் வெள்ளை. அது மண்ணுக்கடியில் வேர்த்தண்டு ஓட்டி மெதுவாகப் படரும். படர்ந்தால் தேவலை என்று நினைப்பவர்களுக்கு அது.

நான் முதலில் ஏமாந்ததைச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் ஒரு கடையில் எவர்கோல்டு என்று படம் போட்டிருந்ததைப் பார்த்து ஆறு செடி வரவழைத்தேன். ஒரு வாரத்துக்கு மேல் பெட்டியிலேயே பயணம் செய்து வந்தது. பிரித்தால் கோடு போட்ட இலை, படத்தில் இருந்த மாதிரியேதான் இருந்தது. ஆனால் இலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பக்கமாக மட்டும் விசிறி மாதிரி விரிந்திருந்தன. எனக்கு அப்போது அந்த வித்தியாசம் தெரியாது. அமுச்சிதான் வாடின ஒரு இலையைக் கசக்கி மூக்குக்குப் பக்கம் கொண்டுபோய், "இதென்ன கண்ணு, பேர் சொல்லாததாட்டம் மணக்குது" என்றார். அதாவது வசம்பு. பச்சைக் குழந்தைக்கு உரசித் தடவுகிற அதே வசம்பு வாசம். அப்புறம் தேடிப் பார்த்தேன். வந்தது அகோரஸ் கிராமினியஸ், நிஜமாகவே வசம்புக்குப் பங்காளி, கோரைக்கும் அதற்கும் ஒரு உறவும் இல்லை. சதுப்பு நிலத்துச் செடி, காலடியில் எப்போதும் ஈரம் வேண்டும். கடைக்காரரிடம் படம் எடுத்து அனுப்பினேன், இரண்டும் ஒன்றுதான் என்று பதில் வந்தது, அதற்கு மேல் பதில் இல்லை. செடி என்ன பாவம் செய்தது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்குகிற இடத்தில் வைத்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் இதை எவர்கோல்டு என்று நம்பிக் காய்கிற இடத்தில் வைப்பவர்கள் பத்து நாளில் இழந்துவிட்டு, கேரெக்ஸ் நம் ஊருக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் வாங்கும்போது இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு இலையின் நுனியைக் கசக்கி முகருங்கள், வசம்பு வாசம் வந்தால் அது கேரெக்ஸ் இல்லை. கொத்தின் அடியை விலக்கிப் பாருங்கள், இலை மூன்று பக்கம் போக வேண்டும், விசிறியாக இருக்கக் கூடாது.

இனி நர்சரி. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கோத்தகிரி ரோட்டில் மலை ஏறுவதற்கு முன்னாலேயே இருக்கிறது. ஒரு அக்கா நடத்துகிறார். பெரிய இடம் இல்லை, பச்சை நிழல்வலைப் பந்தல் நான்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கல் பலகை. தாய்ச்செடிகள் மேலே கோத்தகிரியில் இருக்கின்றன, அங்கே பிரித்தெடுத்துக் கீழே கொண்டுவந்து நிழல்வலைக்குள் ஒரு கோடையாவது வைத்திருந்துதான் விற்கிறார். இந்த ஒன்றுக்காகவே நான் இந்த நர்சரியைச் சொல்கிறேன். கோத்தகிரியில் கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரத்தில், ராத்திரிக்குச் சுவெட்டர் போடுகிற குளிரில் வளர்ந்த செடியை நேராகக் கோவைக்குக் கொண்டுவந்தால் அது திணறிப்போகும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து 325 மீட்டர் வாக்கில்தான் இருக்கிறது, கோவையைவிடத் தாழ்வு, வெயிலும் கூடுதல். அங்கே ஒரு சித்திரையும் வைகாசியும் தாண்டிய செடி என்றால் வடவள்ளியில் தாண்டும்.

முதல் தடவை மார்ச் மாதம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த ஊருங்க? தண்ணி சிறுவாணிங்களா, போருங்களா?" என்பதுதான். சிறுவாணி அணைக் குடிநீர், ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர், இரண்டும் உண்டு என்றேன். எந்தப் பக்கம் வைக்கப் போகிறேன், பக்கத்தில் என்ன மரம் இருக்கிறது, மண் செம்மண்ணா கரிசலா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப வேண்டாமுங்க. தீவாளி முடிஞ்சு மழை புடிச்சதும் வாங்க. இப்ப வெச்சீங்கன்னா வேர் ஓடறதுக்குள்ள சித்திரை வந்துரும், அப்பறம் என்னையத்தான் திட்டுவீங்க" என்றார். அவ்வளவு தூரம் போன வாடிக்கையாளரை வெறும் கையோடு அனுப்புவது சாதாரண விஷயம் இல்லை. எனக்கு அன்றைக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. 2023 நவம்பரில் மறுபடி போய் 14 தொட்டி வாங்கினேன். ஒன்று 160 ரூபாய். ஒரு தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டினார், வெள்ளையாக, நுனி உடையாமல் இருந்தது. வேரைக் காட்டுகிற நர்சரி எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு.

குறைகளும் உண்டு. எந்தத் தொட்டியிலும் பெயர்ச்சீட்டு கிடையாது, அவர் சொல்வதுதான் பெயர். எனக்கு வந்த பதினாலில் இரண்டு கொத்து எவர்கோல்டு இல்லை, ஓரம் வெள்ளையாக இருந்தது, எவரெஸ்ட் என்ற ரகமாக இருக்கும். அதுவும் அழகுதான் என்பதால் நான் வைத்துக்கொண்டேன், ஆனால் ஒரே மாதிரி வரிசை வேண்டும் என்பவர்களுக்கு இதில் கோபம் வரும். அப்புறம் தொட்டிக் கலவை. முழுக்கத் தேங்காய்நார்த் தூள். பொள்ளாச்சி பக்கத்தில் இருந்து மலிவாகக் கிடைக்கிறது, எடையும் இல்லை, நர்சரிக்கு வசதி. செடியை நிலத்தில் வைக்கும்போதுதான் தொந்தரவு. சுற்றி இருக்கிற செம்மண் காய்ந்த பிறகும் நார்த்தூள் உருண்டை மட்டும் மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சொதசொதவென்று இருக்கும். ஒரு செடியின் கழுத்து அப்படித்தான் அழுகியது. இப்போது நான் வைப்பதற்கு முன் வேரை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி ஆட்டி, பாதித் தூளையாவது உதறிவிட்டுத்தான் வைக்கிறேன். இதை அவரிடமும் சொன்னேன், கேட்டுக்கொண்டார், கலவையை மாற்றினாரா என்று அடுத்த தடவை போகும்போது பார்க்க வேண்டும்.

செடியை எப்படி வைத்தேன் என்பதைவிட எங்கே வைத்தேன் என்பதுதான் இதில் பெரிய பாடம்.

வெளிநாட்டுப் புத்தகம் எதைத் திறந்தாலும், வீட்டின் வடக்குப் பக்கம் வருடம் முழுக்க நிழல், அங்கே கேரெக்ஸ் வையுங்கள் என்று இருக்கும். அவர்களுக்குச் சரி. அவர்கள் ஊரில் மத்தியானச் சூரியன் எப்போதும் தெற்குச் சாய்வில்தான் போகிறது. நாம் இருப்பது 11 டிகிரி வடக்கில். நமக்குச் சூரியன் ஏப்ரல் 19, 20 வாக்கில் நடு உச்சிக்கு வந்து, அங்கிருந்து வடக்கே ஏறி, ஜூன் 21-இல் திரும்பி, ஆகஸ்ட் 23 வாக்கில் மறுபடி உச்சியைத் தாண்டித் தெற்கே போகிறது. நடுவில் இந்த நான்கு மாதமும் மத்தியான வெயில் நம் வீட்டின் வடக்குப் பக்கத்தில் விழுகிறது. நான் நவம்பரில் நட்டபோது அந்தச் சந்தில் ஒரு சொட்டு வெயில் கிடையாது, மார்கழி தை முழுக்க இருட்டாகவே இருந்தது, செடிகளும் புது இலை விட்டுக்கொண்டு அருமையாக இருந்தன. சித்திரை பிறந்து பத்து நாளில் ஒரு மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஜன்னலைத் திறந்தால் வீட்டுச் சுவர் ஓரத்தில் வைத்திருந்த ஐந்து செடியின் மேலும் வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. சுவரும் சூடு, கீழே போட்டிருந்த கல்லும் சூடு. மே மாதம் முடிவதற்குள் ஐந்தில் நான்கு போய்விட்டன. அதே சந்தில், எதிர்ப்புறம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வைத்த ஐந்தும் பிழைத்தன. ஏன் என்றால், வெயில் வடக்கில் இருந்து வருகிறது, ஐந்தடிக் காம்பவுண்டுச் சுவர் அதன் தெற்குப் பக்கம், ஜூன் வாக்கில் ஒரு அடி அகலம் வரைக்கும் நிழல் போடுகிறது. அந்த நான்கு மாதத்தில் அந்தச் சந்தில் மத்தியான வெயில் குறைவாகப் படுகிற இடம் அந்த ஓரம்தான். நான்கு செடியைக் கொடுத்து இதைத் தெரிந்துகொண்டேன், நீங்கள் கொடுக்க வேண்டாம். நடுவதற்கு முன் ஒரு மே மாதத்து மத்தியானம் அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள், அல்லது மேலே சொன்ன கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீதி நான்கை வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்தேன். வேம்பு நல்ல நிழல்தான், சூரியன் இலைக்குள் புகுந்து பொட்டுப் பொட்டாக இறங்கும், எவர்கோல்டுக்கு அது பிடிக்கிறது, கோடும் பளிச்சென்று வருகிறது. ஆனால் வேப்பமர வேர்கள் மேல்மண்ணில் பரவித் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடும். தூரை ஒட்டி வைத்த ஒன்று காய்ந்துபோனது. மற்ற மூன்றும் தூரில் இருந்து ஐந்தடி தள்ளி இருந்ததால் தப்பித்தன. இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் விட முடியாதவர்கள் மரத்தடியில் வைக்காமல் இருப்பது நல்லது.

தண்ணீர் பற்றி அந்த அக்கா ஏன் முதலில் கேட்டார் என்பது எனக்கு 2024 கோடையில் புரிந்தது. அந்த வருடம் சிறுவாணித் தண்ணீர் வருகிற நாள் இடைவெளி கூடிக்கொண்டே போனது, குடிக்கவும் சமைக்கவும் எடுத்துவைத்தது போக மிச்சம் இல்லை, செடிக்கு எல்லாம் போர் தண்ணீர்தான். மூன்று வாரத்தில் கேரெக்ஸ் இலை நுனியெல்லாம் பழுப்பு. வெயிலால்தான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நிழலில் இருந்ததற்கும் அதே நுனி. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற, கையளவு டிடிஎஸ் மீட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது, வைத்துப் பார்த்தால் எங்கள் போர் தண்ணீர் 1400-ஐத் தொடுகிறது, சிறுவாணி நூறுக்குள் நிற்கிறது. உப்புத் தண்ணீர் விட்டால் இலை நுனியில் உப்பு சேர்ந்து கருகும், அதோடு மண்ணும் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரைத் தாங்குகின்றன. கேரெக்ஸ் தாங்கவில்லை. அதற்குப் பிறகு ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்து விட ஆரம்பித்தேன். அதில் உப்பே இருக்காது, கோடையில்தான் ஏசியும் ஓடும், அப்போதுதான் செடிக்கும் தேவை. ஒரு ராத்திரிக்கு அரை வாளிக்கு மேல் கிடைக்கிறது, அத்தனை கொத்துக்கும் போதும். ஆர்ஓ மெஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரை மட்டும் விடாதீர்கள், வீணாகிறதே என்று எனக்கும் தோன்றியதுதான், ஆனால் மெஷினுக்குள் போகிற தண்ணீரைவிட அது உப்பு கூடியது.

2024 நவம்பரில் இன்னும் ஆறு வாங்கினேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் காம்பவுண்டு ஓரத்திலும் வேம்பின் வெளிவட்டத்திலும் வைத்தேன், வீட்டுச் சுவர் ஓரத்தில் குற்றுயிராக இருந்த ஒன்றையும் பிடுங்கி இந்தப் பக்கம் மாற்றினேன். 2025 கோடையில் ஒரு செடிகூட வெயிலால் போகவில்லை. நார்த்தூள் உருண்டையால் மழைக்காலத்தில் போனது ஒன்று, அவ்வளவுதான். ஆக வாங்கியது இருபது, போனது ஆறு, இருப்பது பதினாலு. அந்த ஆறிலும் நான்கு நான் இடம் தெரியாமல் வைத்தது.

கோடையில் இது எப்படி இருக்கும் என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஏப்ரலும் மேயும் வளராது. அப்படியே நிற்கும். வெளிச்சுற்று இலைகள் கொஞ்சம் பழுக்கும், கோட்டின் நிறம் மங்கும். வாடிவிட்டதே என்று பயந்து தண்ணீரைக் கொட்டினால் கழுத்து அழுகும், உரம் போட்டால் இன்னும் மோசம். ஒன்றும் செய்யாமல் ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூனில் வீச ஆரம்பித்ததும் தெளிவு தெரியும், வடவள்ளி மாதிரி மேற்கு ஓரத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் காற்றோடு சாரலும் கிடைக்கும். கொத்து கொத்தாகப் புது இலை வருவது ஐப்பசியில் இருந்து மாசி வரைதான். மார்ச் வாக்கில் பழுப்பாகச் சின்னச் சின்னக் கதிர் விடும், பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது, நான் வெட்டுவதில்லை. அவிநாசி, திருப்பூர், காங்கேயம் பக்கம் காற்றில் ஈரம் இன்னும் குறைவு, சாரலும் கிடையாது, அங்கே நிலத்தில் வைப்பதைவிட வடக்குத் திண்ணையில் தொட்டியில் வைத்துக்கொள்வது சரியாக இருக்கும் என்பது என் கருத்து. எங்கள் சித்தி காங்கேயத்தில் அப்படி இரண்டு தொட்டி வைத்திருக்கிறார், இரண்டும் நன்றாக இருக்கின்றன.

மண்ணுக்கு நான் போட்டது செம்மண் இரண்டு பங்கு, மக்கிய இலைக் குப்பை ஒரு பங்கு, எம் சாண்ட் அரைப் பங்கு. கொத்தின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், மண்ணைக் கூட்டி அணைத்தால் அழுகும். செடிக்குச் செடி ஒரு அடி. மேலே காய்ந்த வேப்பிலையோ மாவிலையோ பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், ஆனால் கழுத்தை மூட வேண்டாம். உரம் என்றால் கார்த்திகையில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, கொத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். கொத்தின் அடியில் மாவுப்பூச்சி ஒளிந்துகொள்ளும், கோடை முடிவில் ஒரு தடவை விலக்கிப் பார்த்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தால் அடங்கிவிடும். வெட்டுவது பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை தோட்ட வேலைக்கு வருகிற அண்ணன், புல்லை ஒட்ட வெட்டிவிடுகிற மாதிரி இதையும் வெட்டிவிடப் பார்த்தார், நான் ஓடிப்போய்த் தடுத்தேன். இது வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிற வகை, தரையோடு வெட்டினால் திரும்பி எழ ரொம்ப நாள் ஆகும், எழாமலும் போகலாம். காய்ந்த இலையைக் கையால் சீவி இழுத்தாலே வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இலையின் ஓரம் கத்தி மாதிரி அறுக்கும்.

மாண்டோ புல் போதாதா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மாண்டோ பெயரில்தான் புல், அது கோரையும் இல்லை, தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். எனக்கு அதன் மேல் நல்ல மதிப்பு உண்டு. ஒரு நாற்று இருபது ரூபாய்க்குள் கிடைக்கிறது, போர் தண்ணீரையும் ஓரளவு தாங்குகிறது, வெயில் பட்டாலும் சீக்கிரம் கருகாது. பெரிய இடத்தை நிரப்ப வேண்டும், செலவு கட்டுப்பட வேண்டும் என்றால் மாண்டோதான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் கரும்பச்சை. இருட்டில் இருட்டோடு சேர்ந்துவிடும். கோடு போட்ட லிரியோப் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் தரும், அதன் இலை விறைப்பாக நிற்கும், வழிகிற மாதிரி வராது. குடை மாதிரி விரியும் சைப்பரஸ் எல்லா நர்சரியிலும் கிடைக்கிறது, அதுவும் கோரைக் குடும்பம்தான், ஆனால் மூன்று நான்கு அடி உயரம் போகும், ஈரமும் வெளிச்சமும் நிறைய வேண்டும், இந்தச் சந்துக்கு ஆகாது. எவர்கோல்டுக்கு நான் 160 ரூபாய் கொடுத்தது அந்த வெளிச்சத்துக்காக மட்டும்தான். எவரில்லோ என்று முழு இலையும் எலுமிச்சை மஞ்சளாக இருக்கிற ரகம் ஒன்று இருக்கிறது, அயர்லாந்தில் கில்கென்னியில் நர்சரி வைத்திருக்கிற பேட் ஃபிட்ஸ்ஜெரால்டு வெளியிட்டது. அக்காவிடம் இரண்டு தாய்ச்செடி மேலே இருக்கிறதாம், கீழே ஒரு கோடை தாங்கட்டும், அப்புறம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கேரெக்ஸ் நமக்கு முழுக்க அந்நியம் இல்லை. நீலகிரிச் சோலைகளிலேயே சொந்தமாகச் சில வகைகள் இருக்கின்றன, கேரெக்ஸ் பக்கான்ஸ் என்பது சிவப்பாக மணி மணியாகக் காய்க்கும், கோத்தகிரிக்கு மேலே ஒரு ஓடைக் கரையில் பார்த்தபோது நான் அசந்து நின்றுவிட்டேன். காட்டில் இருந்து பிடுங்கிவர எனக்கு மனம் வராது, யாரும் செய்யவும் கூடாது. ஆனால் ஜப்பான் செடியைப் பெருக்கி விற்கிற நர்சரிகள் முறையாக விதை எடுத்து இதையும் பெருக்கினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். அக்காவிடம் இதைத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.

சரி, போக நினைப்பவர்களுக்கு. மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி நெரிசலைத் தவிர்க்க வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்கு முன்னால் ஊரைத் தாண்டிவிடுங்கள். அட்டைப்பெட்டியோ தட்டோ கையோடு கொண்டுபோங்கள், அக்கா பை தருவதில்லை. ஃபோனில் ஆர்டர் எடுப்பதில்லை, பார்சலும் அனுப்புவதில்லை, இது வயதானவர்களுக்குச் சிரமம்தான். ஐப்பசிக்கு முன்னால் போனால் கொடுக்கவே மாட்டார். பெயர்ச்சீட்டு கேட்டு வாங்குங்கள், நாலு பேர் கேட்டால் எழுத ஆரம்பிப்பார். ஐந்துக்கு நான் நர்சரிக்கு நாலு கொடுப்பேன். செடிக்கு, சிறுவாணித் தண்ணீரும் நிரந்தர நிழலும் இருக்கிறவர்கள் வீட்டில் நாலரை, போர் தண்ணீர் மட்டும் இருக்கிறவர்கள் வீட்டில் இரண்டு, அவர்கள் மாண்டோ வாங்கிக்கொள்ளட்டும்.

போன கார்த்திகையில் இரண்டு பெரிய கொத்தைத் தோண்டி, கத்தியால் வேரோடு மூன்று மூன்றாக அறுத்து வைத்தேன். ஆறும் பிடித்துவிட்டன. ஒன்றை அமுச்சி சிவகிரிக்கு எடுத்துப்போய் சாளை, அதாவது தோட்டத்து வீட்டுத் திண்ணை ஓரத்தில், மஞ்சள் காட்டில் இருந்து தள்ளி, ஒரு மண்சட்டியில் வைத்திருக்கிறார்.